கூகுள் எர்த்ல பழைய மேப் பாக்குறது: சூப்பர் தான், தேதிய மட்டும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க

கூகுள் எர்த்துன்னா நம்ம வீட்டு மொட்டமாடிய ஜூம் பண்ணி பாக்குற விளையாட்டு சாமான்னுதான் நிறைய பேரு இன்னும் நினைச்சிட்டு இருக்காங்க. பழைய வருஷத்து படத்துக்கு போற வசதி அதுல 2009-லயே வந்தாச்சு, கம்ப்யூட்டர்ல போடுற ப்ரோ வெர்ஷன் 2015-ல இருந்து ஃப்ரீ, 2024-ல பிரவுசர்லயும் மொபைல்லயும் குடுத்துட்டாங்க. எனக்கு இன்னும் ப்ரோ தான் புடிக்குது, மேல கடிகார ஐகான தட்டுனா ஒரு கோடு வரும், இழுத்து இழுத்து பாக்க வேண்டியதுதான். நல்லா கிட்டக்க போய்ட்டு இழுங்க, தூரத்துல இருந்தா பாதி தேதி கோட்டுல வராது.

டைம்லாப்ஸ்னு இன்னொன்னு இருக்கு, 2021-ல எர்த்துக்குள்ள சேத்தது, 1984-ல இருந்து வருஷத்துக்கு ஒரு படம். அதுல மத்திய ஆசியாவுல இருக்குற ஆரல் கடல பாருங்க, வருஷா வருஷம் சுருங்கிட்டே வருது, 2005-ல கோக்-அரால் அணை கட்டுனதும் வடக்கு துண்டு மட்டும் தண்ணி புடிச்சு நிக்க ஆரம்பிக்குது, தெக்கு பக்கம் காஞ்சு வெளுத்துடுது. மிரண்டுடுவீங்க.

ஆனா அதுல ஒரு சிக்கல், ஒரு வருஷத்துல எடுத்த படத்தையெல்லாம் கலந்து மேகம் இல்லாத ஒரே படமா ஆக்கிடுறாங்க. கடல் சுருங்கறதுக்கு அது ஓகே, நம்ம ஏரிக்கு எப்படி சரிப்படும்? 2019 ஜூன்ல செம்பரம்பாக்கம், புழல் எல்லாம் வறண்டு கெடந்துச்சே, அந்த மாதிரி கோடைல காயுறதும் மழைல நிறையறதும் அதுல மங்கிப்போயிடும்.

ப்ரோல 80கள், 90களுக்கு போனா தேதி டிசம்பர் 31-ன்னு காட்டும். அன்னைக்கு எடுத்ததுன்னு நினைச்சிடாதீங்க, அந்த வருஷத்துக்கு ஒட்டுன லேபிள் அவ்ளோதான். அதுவும் லேண்ட்சாட்ங்குற அமெரிக்க சாட்டிலைட் எடுத்த படம், ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 22 சென்ட், நாலு கிரவுண்டு ஒரே கலர்ல! இத வச்சிக்கிட்டு வேலித் தகராறுக்கு போனா ஒண்ணும் நிக்காது. இப்போதைய படம் கூட ஒரே நாள்ல எடுத்தது கெடயாது, ஒட்டு போட்டது, பக்கத்து பக்கத்து தெருவுக்கே தேதி மாறும், கலர் சட்டுனு மாறுற எடம் தெரிஞ்சா அதான் தையல்.

தெருவுல நின்னு பாக்குற மாதிரி காட்டுற ஸ்ட்ரீட் வியூல பழசு பாக்கலாம்னு போனா நம்மூருக்கு ஏமாத்தம்தான். அமெரிக்காவுல 2007-ல இருந்து இருக்கு, சென்னைக்கு 2022-லதான் வந்துச்சு.

இத்தனை சொன்னாலும் மனை வாங்குறவங்களுக்கு இத விட நல்ல ஃப்ரீ டூல் இல்லங்க. பள்ளிக்கரணைய 2000-க்கு அப்புறம் ஒவ்வொரு படமா தள்ளிட்டு வாங்க, சதுப்பு நெலத்த பெருங்குடி குப்பைக்கிடங்கும் ரோடும் கட்டடமும் எப்படி தின்னுச்சுன்னு புரியும். மிச்சம் இருக்கறதுக்கு 2022-ல ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நெலம்ங்குற அங்கீகாரம் குடுத்தாங்க. கூகுள் எர்த்துக்கு நான் 5-க்கு 4 மார்க் குடுப்பேன்.

ஒண்ணு கவனிங்க, மழை மாசத்துல மேகம் மறைக்கறதால நல்ல படமெல்லாம் பெரும்பாலும் வெயில் காலத்துலதான் மாட்டும், மே மாசத்துல பாத்தா ஏரி உள்வாயும் கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி தெரியும். புரோக்கர் சாட்டிலைட் படம் நீட்டுனா மாசம் என்னன்னு கேளுங்க, டிசம்பர் ஜனவரி படம் எந்த வருஷத்துல கெடைக்குதோ அத தேடி எடுத்து பக்கத்துல வச்சி பாருங்க.