செங்கோட்டை பக்கத்து மெடிக்கல்களில் ஓ.ஆர்.எஸ்.: சின்ன பாக்கெட்டா, பெரிய பாக்கெட்டா?

செங்கோட்டை, புளியரை, மலை ஏறி ஆரியங்காவு என்று எந்த மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் தூள்) கேட்டாலும் மூன்றில் ஒன்றை எடுத்துத் தருவார்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட், 200 மில்லிக்கான சின்ன பாக்கெட், அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவை பானம். வயிற்றுப்போக்குக்கு மூன்றாவதை வாங்கவே வேண்டாம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 என்று இருந்தால் அது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கரைசலின் செறிவு, அதாவது அதில் கரைந்திருக்கும் துகள்களின் அளவு, லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல், ரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. பழச்சுவை பானங்கள் சிலவற்றில் 100 மில்லிக்கே 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது சரியான காரியம்.

அளவில் ஏன் இவ்வளவு கறார்? குடல் செல்லின் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனியும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்துப் பம்ப், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யைச் செலவழித்து ரத்தத்தின் பக்கம் தள்ளும். இது செயல்மிகு கடத்தல். உப்பு போன வழியே தண்ணீரும் போகும், அது சவ்வூடு பரவல். காலரா நச்சு குடலுக்குள் குளோரைடையும் தண்ணீரையும் கொட்ட வைத்தாலும் இந்தப் புரதத்தை முடக்குவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பனகாவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் வாய்வழிக் கரைசலாலேயே ஏராளமான காலரா நோயாளிகளைக் காப்பாற்ற முடிந்தது அதனால்தான்.

பெரிய பாக்கெட்டின் சிக்கல் வீட்டில்தான் தொடங்குகிறது. பாதியைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் கொட்டுவார்கள், இல்லையேல் முழுவதையும் 200 மில்லியில் கரைத்துவிடுவார்கள். முழுவதையும் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகி 1225ஐத் தொடும். மாங்காய்த் துண்டை உப்பில் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலை குடலில் நடக்கும். உடம்பின் தண்ணீர் குடலுக்குள் இறங்கி, போக்கு கூடி, ரத்தத்தில் சோடியம் ஏறும். குழந்தைக்கு இது ஆபத்து. இரண்டு லிட்டரில் கலந்தாலோ உப்பு போதாது.

அதனால் எங்கள் ஓட்டு சின்ன பாக்கெட்டுக்கு. 200 மில்லி டம்ளர் எந்த வீட்டிலும் இருக்கும். ஒரு பாக்கெட், ஒரு டம்ளர், கணக்கு முடிந்தது. பெரியதுதான் கிடைத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அகலப் பாத்திரத்தில் ஊற்றிக் கரையுங்கள். நிரம்பிய பாட்டிலுக்குள் தூளைத் தட்டினால் வழியும், வழிந்ததோடு அளவும் போகும். கொதித்து ஆறிய வெறும் தண்ணீர் போதும், பதிமுகப் பட்டை போட்ட சிவப்புத் தண்ணீர் வேண்டாம். கலந்தபின் சுடவைக்கக் கூடாது, 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அளவு தப்பியிருக்கிறது.

ஒவ்வொரு போக்குக்கும் பிறகு இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம்.

உறையில் இருக்கும் ‘அக்யூட் டயரியா’ என்பதைக் கடுமையான போக்கு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். திடீரென்று தொடங்கி 14 நாளுக்குள் அடங்குவது என்பதே அதன் பொருள். மலத்தில் ரத்தம் வந்தால் அது சீதபேதி. பாக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றியதற்குத் தாகம் நோயாளி சொல்லும் அறிகுறி. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் பழைய நிலைக்கு வர இரண்டு விநாடிக்கு மேல் ஆவது நாம் பார்க்கும் அடையாளம். அப்படியானால் வீட்டில் காத்திருக்க நேரமில்லை.

குறை என்று பார்த்தால் சின்ன பாக்கெட்டில் எழுத்து மிகவும் பொடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் ஓ.ஆர்.எஸ். கிடைக்கும், அங்கே வாங்கும்போது எத்தனை மில்லிக்கான பாக்கெட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து ஈரத்துக்குத் தூள் கட்டிப்பட்டோ பழுப்பேறியோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.