முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நகர்களில் வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, வீட்டில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்து, "மாடி வேண்டாம், தரைத்தளமே போதும்" என்று பார்ப்பவர்களுக்கு. நாங்களும் அப்படித்தான் போய் மாட்டிக்கொண்டோம்.

2023 மே மாதம். என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை. அதுவரை குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அத்தைக்கு முட்டி தேய்மானம், லிஃப்ட் கிடையாது. மருத்துவமனைக்குப் போய் வருவதற்குள் அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல்தான் கீழ்வீடு தேட ஆரம்பித்தோம். முடிச்சூர் என்றால் மணிமங்கலம் வழியாக ஒரகடத்துக்கு நேராகப் போய்விடலாம், தாம்பரம் ஸ்டேஷனும் பக்கம் என்று கணக்குப் போட்டோம். புரோக்கர் நான்கு வீடு காட்டினார். நான்காவது வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், வாசலில் வேப்பமரம். வாடகை 16,000. குரோம்பேட்டையில் இதைவிடச் சின்ன வீட்டுக்கு 18,000 கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மே மாத மத்தியான வெயிலில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். இருந்தாலும், அன்றைக்கே அந்த வீடு எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஹால் சுவரில் என் மார்பளவுக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். குளியலறை மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். "பிள்ளைங்க இருக்கிற வீடும்மா, சுவத்துல கிறுக்கினா ஈரத்துணியில தொடச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்காரரின் மனைவி. எனக்கு அந்த யோசனை பிடித்துப்போய்விட்டது. பிளக் பாயிண்ட் எல்லாமே தோள் உயரத்துக்கு மேலே. சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. கை எட்டாது, நல்லதாகப் போயிற்று என்று நானும் கணவரும் பேசிக்கொண்டோம். சமையலறையில் மேடைக்குக் கீழே கதவு வைத்த அலமாரி ஒன்றுகூட இல்லை, வெறும் கடப்பா பலகை. உள்கதவுகள் எல்லாம் பிளாஸ்டிக். ஜன்னல் கம்பிகளில் கீழ்ப்பாதி மட்டும் பெயிண்டுக்கு அடியில் துரு பொரிந்து சொரசொரவென்று இருந்தது. விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். தெரு ரோடும் எங்கள் வாசல் திண்ணையும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஆனால் எதிரே புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்கு நாலடி பேஸ்மெண்ட், ஏழு படி. அதைப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார், "நல்லவேளை, நமக்குப் படியே இல்ல."

வெள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் இல்லை. 2015இல் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டை டிவியில் பார்க்காதவர் யார்? தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அதற்கு வீட்டுக்காரர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பதிலை உங்களிடமும் சொல்வார்கள். "2015ல ஊரே முழுகுச்சு சார். இங்க கேட் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. அதுவும் செம்பரம்பாக்கத்தைத் திடீர்னு திறந்ததால வந்தது. இப்பல்லாம் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா திறந்துடறாங்க. இனிமே அந்த பயமே வேணாம்." புரோக்கரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். கேட்க நியாயமாக இருந்தது. நம்பினோம்.

அந்தப் பேச்சில் எவ்வளவு பெரிய பொய் இருக்கிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைக்குப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கும் மேலே, ஆறு வரும் வழியில் முன்னாலேயே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தைத் திறந்தால் அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று கீழே இருக்கும் பகுதிகளுக்குத்தான் நேரடி ஆபத்து. முடிச்சூருக்கு வரும் தண்ணீர் வேறு. ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் என்று மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி அடையாற்றில் விடுகிற தண்ணீர் அது. பீர்க்கன்காரணை, இரும்புலியூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் குடியிருப்புகளுக்கு நடுவே புகுந்துதான் ஆற்றைத் தேடிப் போகிறது. ஆக, செம்பரம்பாக்கத்தை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் அந்த வீட்டுக்கு வரும் தண்ணீர் வரத்தான் செய்யும். 2015க்குப் பிறகு மூடுகால்வாய்கள் கட்டியிருக்கிறார்கள், ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள், அதையெல்லாம் இல்லையென்று சொல்லவில்லை. சில தெருக்களில் நிலைமை தேறியும் இருக்கிறது. ஆனால் தெருவுக்குத் தெரு கதை வேறு. நம் தெருவின் கதை என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அட்வான்ஸ் 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. இருபது ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம்.

ஜூனில் குடிபோனோம். சின்னச் சின்னக் குறைகள் உடனே தெரிந்தன. போர் தண்ணீரில் இரும்பு அதிகம், வெள்ளைச் சட்டை இரண்டே வாரத்தில் மஞ்சளாகிவிடும். குடிக்கக் கேன்தான். பெரியவளின் ஸ்கூல் வேன் தெருவுக்குள் வராது, மெயின் ரோடு வரை நடக்க வேண்டும், வழியில் பாதித் தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான், லாரிக்காரருக்குப் போன் செய்து காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் சமாளித்துக்கொள்ளக் கூடியவை. சமாளித்தோம்.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் மழை காலையிலிருந்து விடவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஒன்றரை மணி இருக்கும், கழிவறைப் பக்கமிருந்து ஒரு சத்தம். களக், களக் என்று, யாரோ குடத்தைத் தண்ணீரில் அமுக்குவது போல. டார்ச் அடித்துப் பார்த்தேன். பேசினுக்குள் குமிழி வந்துகொண்டிருந்தது. தெருவில் அப்போது கணுக்கால் அளவுத் தண்ணீர்தான், வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. ஆனால் பூமிக்கு அடியில் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தண்ணீர் பேசின் விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. மூட்டை மூட்டையாகத் துணியை அடைத்தோம், நிற்கவில்லை. வாசல் வழியாக வெள்ளம் வருவதற்கு முன்பே வீட்டுக்குள்ளிருந்து சாக்கடை வந்துவிட்டது. அந்த நாற்றத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

அரிசி மூட்டை, புத்தகப் பைகள், அத்தையின் மருந்து டப்பா, எது கைக்குக் கிடைத்ததோ அதைக் கட்டில்மேல் ஏற்றினோம். நான்கு மணிக்கு வாசல் வழியாகவும் தண்ணீர் வந்தது. விடியும்போது முழங்கால். அத்தை கட்டிலில் உட்கார்ந்து சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டார். அவர் கணவரும் என் கணவரும் அத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பளவுத் தண்ணீர் ஓடிய தெருவைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார்கள். "நமக்குப் படி இல்ல" என்று நிம்மதிப்பட்டோமே, அந்த ஏழு படிகளின்மேல்தான் அத்தையை ஏற்றினார்கள். மூன்று நாள் அந்த வீட்டில்தான் இருந்தோம். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டோம். அந்த நன்றியை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

அங்கே இருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு அக்கா என்னைக் கீழே கூட்டிப் போய்ப் பழைய காம்பவுண்டுத் தூணைக் காட்டினார். ஆணியால் கீறிய ஒரு கோடு. பக்கத்தில் 2.12.15 என்று எழுதியிருந்தது. அந்தக் கோடு என் கழுத்துக்கு இருந்தது. கேட் வரைக்கும் வந்து நின்றதாகச் சொன்ன தண்ணீர், எங்கள் ஹால் டைல்ஸையும் தாண்டி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் டைல்ஸ், உயர்த்திய பிளக் பாயிண்ட், பிளாஸ்டிக் கதவு எல்லாம். எங்களுக்கு முன்பு குடியிருந்த இரண்டு குடும்பங்களும் மழைக்காலம் முடிந்ததும் காலி செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். புரோக்கருக்கும் இது தெரியும், அவர்களைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான்.

"ஏன்க்கா எங்ககிட்ட அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். அழுகையாக வந்தது.

"நீங்க வீடு பாக்க வந்தப்ப நான் வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பார்த்தேன். நானா வந்து சொன்னா, ஓனர் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு சண்டை போடுவார்மா."

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, கணவரின் பைக், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த என் கல்யாணப் புடவைகள், எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் குறையாது. அரசு நிவாரணம் 6,000 வந்தது. அத்தைக்குக் காலில் புண்ணாகி ஒரு மாதம் கட்டுப் போட்டோம். இதெல்லாம் இயற்கை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று சிலர் சொன்னார்கள். மழை பெய்தது இயற்கை. கழுத்தளவு வந்த தண்ணீரைக் கேட்டோடு நின்றது என்று சொல்லி 1,50,000 வாங்கியது இயற்கை இல்லை.

வீட்டுக்காரர் பத்து நாள் கழித்து வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெயிண்ட் செலவு எங்களுடையது என்றார். ஜனவரியில் காலி செய்தோம். முன்னறிவிப்பு தரவில்லை என்று இரண்டு மாத வாடகை 32,000, பெயிண்டுக்கு 30,000, வெள்ளத்தில் முழுகிய அவருடைய மோட்டாருக்கு 18,000, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மீதி 70,000. அதையும் இரண்டு தவணையாக, ஜூன் மாதம்தான் முடித்தார். புரோக்கர் போனையே எடுக்கவில்லை.

ஒரு வக்கீலைப் பார்த்தோம். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. பதிவு செய்யாத பத்திரத்தை வைத்துக்கொண்டு போராடினால் அலைச்சல்தான் மிஞ்சும் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தயவுசெய்து பதிவு செய்யுங்கள். பதிவு வேண்டாம் என்று வீட்டுக்காரர் தயங்கினால், ஏன் என்று கேளுங்கள்.

அந்த ஊரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடான தெருக்களில் பல வருடமாக நிம்மதியாக இருப்பவர்களைத் தெரியும். ஆனால் வீட்டைப் பார்த்த கையோடு தெருவில் நூறடி நடங்கள். பழைய வீடுகள் ரோட்டைவிடத் தாழ்ந்தும், புது வீடுகள் எல்லாம் உயரமாகவும் இருந்தால் அங்கே கட்டியவர்கள் எதையோ பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இஸ்திரி வண்டிக்காரர், மாவு விற்கும் அம்மா, தண்ணீர் கேன் போடும் பையன், இவர்களில் இரண்டு பேரிடமாவது, வீட்டுக்காரரும் புரோக்கரும் இல்லாத நேரத்தில், "2015லயும் 2023லயும் இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள். "தண்ணி வருமா" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பட்டும்படாமல்தான் பதில் சொல்வார்கள். வருடத்தைச் சொல்லிக் கேட்டால் கையால் உயரத்தைக் காட்டிவிடுவார்கள். முடிந்தால் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர் எந்த மாதம் காலி செய்தார் என்பதையும் விசாரியுங்கள்.

நாங்கள் குரோம்பேட்டைக்கே திரும்பிவிட்டோம். இந்த முறை முதல் மாடி, பதினாறு படி. அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறார்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். அந்த வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, ஹாலில் டைல்ஸை இன்னும் ஒரு வரிசை உயர்த்தி, கேட்டில் டு-லெட் போர்டு மாட்டியிருக்கிறார்களாம். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் மறுபடி வந்தால், கேட்காவிட்டாலும் அந்தத் தூணைக் காட்டிவிடுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கிறேன். காட்டுவதாகச் சொன்னார்.