பெரிய மிஸ்ஸியின் பராமரிப்பு இல்லம், பினாங்கு: 14 மாத அனுபவம்

பக்கவாதத்துக்குப் பிறகு படுத்த படுக்கையாகிவிட்ட என் அம்மாவை 14 மாதங்கள் பார்த்துக்கொண்ட இல்லத்தைப் பற்றி எழுதுகிறேன். பினாங்கு டத்தோ கிராமட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பழைய வீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய, 22 கட்டில்கள் கொண்ட இடம் அது. வாசலில் பெயர்ப்பலகை இருந்தாலும் அக்கம்பக்கத்தில் எவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘பெரிய மிஸ்ஸி வீடு’ என்று கேட்டால்தான் வழி காட்டுகிறார்கள். மிஸ்ஸி என்றால் இங்கே தாதி; பெரிய மிஸ்ஸி அந்த இல்லத்தை நடத்தும் அம்மையார். அந்த வீட்டின் நிறைகுறைகள் அனைத்தும் அந்த அம்மையாரின் வாழ்க்கையிலிருந்தே வந்தவை என்பதால், அவரைப் பற்றிச் சொல்லாமல் இல்லத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அம்மாவை அங்கே கொண்டுபோனபோது அவருடைய இடுப்பின் கீழ், வால் எலும்பின் மேல், என் உள்ளங்கையளவு புண் இருந்தது. அதற்கு முன் வைத்திருந்த வேறோர் இல்லத்தில் தரை பளபளப்பாக இருந்தது, குளிர்சாதன வசதி இருந்தது, மாதந்தோறும் புகைப்படங்கள்கூட அனுப்பினார்கள். ஆனால் அம்மாவை ஒருவரும் புரட்டிப் படுக்க வைக்கவில்லை. பெரிய மிஸ்ஸி எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல், கையுறை போட்டுக்கொண்டு, அம்மாவின் பின்தலை, தோள்பட்டை, முழங்கை, இடுப்பு, கணுக்கால், குதிகால் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துக் காட்டினார். அழுத்தி எடுத்ததும் தோல் வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் ரத்தம் ஓடுகிறது என்று பொருள், வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள் என்றார். அம்மாவின் இடது குதிகால் வெளுக்கவில்லை. இடுப்புப் புண் மூன்றாம் நிலைக்கு, அதாவது தோலைத் தாண்டி உள்ளே கொழுப்புவரை, போய்விட்டிருந்தது. “யார் தப்புன்னு இப்ப பேச வேணாம் தம்பி. ஆறுறதுக்கு நாலு மாசம் ஆகும். தினமும் என்ன சாப்பிட்டாங்கன்னு நான் எழுதி வைப்பேன், நீங்க வந்து படிக்கணும்,” என்றார்.

நான்கரை மாதத்தில் ஆறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்க வைத்து, கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாளில் நேரமும் கையெழுத்தும் இட வேண்டும் என்பது அங்கே விதி. முழங்காலுக்குக் கீழே நீளவாக்கில் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்க விடுகிறார்கள். நான் ஆசையாக வாங்கிப் போன வளையத் தலையணையை, அது சுற்றியுள்ள தோலை இறுக்கி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சிவந்த இடத்தில் தைலம் தேய்த்துவிட வேண்டும் என்று என் பெரியம்மா அடம்பிடித்தபோது, மரியாதையாக ஆனால் உறுதியாக மறுத்தார். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை ஒன்று வாங்கச் சொன்னார். அது போட்ட பிறகும், மெத்தை வந்துவிட்டது என்பதற்காகப் புரட்டுவதை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை. இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை, ஆள் தேவை, அந்த ஆள்மேல் ஒரு கண் தேவை. முந்தைய இடத்தில் இல்லாதது அந்தக் கண்தான்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதை அவரிடமே பல மாலைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால்மரம் வெட்டியவரின் மூத்த மகளாகப் பிறந்தவர். 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாகி, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல தோட்டக் குடும்பங்கள் பிழைப்பிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய காலத்தில், அவருடைய தந்தையின் வேலையும் போயிற்று. இங்கிலாந்து மருத்துவமனைகள் அப்போது மலேசியாவிலிருந்து தாதிமைப் பயிற்சிக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தன. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு என்பதால் 1971இல், 19 வயதில், கடன் வாங்கிய கம்பளிச் சட்டையுடன் விமானம் ஏறியிருக்கிறார். அங்கே போன பிறகுதான், மூன்றாண்டுப் பதிவுத் தாதிப் படிப்பு ஒன்றும் இரண்டாண்டுத் துணைத் தாதிப் படிப்பு ஒன்றும் தனித்தனியாக இருப்பதும், வெளிநாட்டுப் பெண்களில் பலரைப் போலத் தன்னையும் கீழ்ப்படிப்பில் சேர்த்திருப்பதும் தெரியவந்ததாம். அதை முடித்து, மறுபடியும் மாணவியாக உட்கார்ந்து மேல்படிப்பையும் முடித்துவிட்டே ஊர் திரும்பியிருக்கிறார். தம்பிகள் இருவரும் தங்கையும் அவர் அனுப்பிய பணத்தில் படித்தவர்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரியவில்லை. இழந்துபோன இரண்டு ஆண்டுகளைப் பற்றிய கோபம்தான் தெரிந்தது, அந்தக் கோபம் நியாயமானது என்று நான் நினைக்கிறேன்.

இங்கே அரசாங்க மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை செய்து, வார்டுப் பொறுப்புத் தாதியான சிஸ்டராகப் பதவி உயர்ந்து, விருப்ப ஓய்வு பெற்று, 1994இல் தம் மாமியாரையும் தெருவிலிருந்த இரண்டு கிழவிகளையும் வைத்து இந்த இல்லத்தைத் தொடங்கியிருக்கிறார். கட்டடத்தை நீங்கள் போய்ப் பார்த்தால் புரியும்: தனி அறைகள் மிகக் குறைவு. பெரிய கூடத்தில் இருபுறமும் கட்டில்கள், நடுவில் ஒரு மேசை. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாக் கட்டிலும் தெரியும், எல்லாக் கட்டிலில் இருப்பவருக்கும் மேசை விளக்கு தெரியும். நைட்டிங்கேல் அம்மையார் காலத்து வார்டு அமைப்பு இது. தனிமையை விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்காது. திரைச்சீலை மட்டுமே மறைப்பு. எனக்கும் முதல் வாரம் உறுத்தியது. ஆனால் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து முன்னறிவிப்பில்லாமல் போனபோது, இரவுத் தாதி அந்த மேசையில் விழித்தே இருந்தார், தாளில் பதினொரு மணிக் கையெழுத்து இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டாவது மாதத்தில் அம்மா திடீரென்று, இறந்துபோன மாமாவைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார், எங்களை அடையாளம் தெரியவில்லை. மறதி நோய் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் முடிவுகட்டிவிட்டோம். பெரிய மிஸ்ஸி, மறதி நோய் ஒரே இரவில் வராது என்று சொல்லி, சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, மருத்துவரை வரவழைத்தார். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ தெரியாமல் குழப்பமாக மட்டும் வெளிப்படலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மருந்து தொடங்கி ஐந்தாம் நாள், “ஏண்டா மெலிஞ்சிட்ட?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

சாப்பாடு எளிமையானது, நம் வாய்க்கு ஏற்றது. காலையில் கஞ்சி, மதியம் குழைத்த சோறும் ரசமும் மசித்த காய்கறியும், புண் ஆறும்வரை அம்மாவுக்குத் தினமும் இரண்டு முட்டை வெள்ளைக்கரு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கியே கொடுக்கிறார்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்களின் தலைமாட்டை உயர்த்தி, உணவு முடிந்த பிறகும் நெடுநேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். சீனப் பாட்டிமார் நால்வருக்குத் தனியாகச் சமையல். பராமரிப்புப் பெண்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், “பாட்டி, திரும்புங்க”, “வலிக்குதா?” என்ற அளவுக்குத் தமிழும், சீனப் பாட்டிமாரை ‘ஆ மா’ என்று அழைக்கும் அளவுக்கு ஹொக்கியன் என்ற சீன மொழியும் கற்றுக்கொள்ளாமல் அங்கே வேலை செய்ய முடியாது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், வெள்ளித் தேர் வரும்போது, உட்காரக்கூடியவர்களை எல்லாம் சக்கர நாற்காலியில் சந்து முனைக்கு அழைத்துப் போய், அவர்கள் கையைத் தொட வைத்துத் தேங்காய் உடைக்கிறார்கள்.

கட்டணம் மாதம் 3,200 ரிங்கிட். நாப்கின், புண் கட்டும் பொருள்கள், மருத்துவர் வருகை ஆகியவை தனி. எங்களுக்கு மொத்தமாக 3,900 வரை ஆனது. மலிவான இடம் என்று சொல்ல மாட்டேன். ரசீது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வந்தது, ஒருமுறைகூட எனக்குச் சந்தேகம் எழவில்லை.

குறைகளும் உண்டு. உடற்பயிற்சி நிபுணர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். பக்கவாதத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவர்களுக்கு அது போதாது, அவர்கள் வேறிடம் பார்ப்பதே நல்லது. குளியலறை பழையது. வண்டி நிறுத்த இடமில்லை. எல்லாவற்றையும்விட, அம்மையாரின் ஆட்சி கடுமையானது. கணக்கு மகளிடம், வாங்குவது விற்பது மகனிடம், வார்டு மருமகளிடம் என்று பிரித்துக் கொடுத்திருந்தாலும் அவர் தலையசைக்காமல் ஒரு கட்டில்கூட இடம் மாறாது. இரண்டு வாரம் வராத பிள்ளைகளை அவரே தொலைபேசியில் அழைத்துக் கண்டிப்பார். என் அண்ணன் கோலாலம்பூரிலிருந்து வருவதில்லை என்பதற்காக, அவனிடம் அவர் பேசிய விதம் எங்கள் குடும்பத்துக்குள் மனக்கசப்பை உண்டாக்கியது. அது அவருடைய வேலையல்ல என்று நான் அவரிடமே சொன்னேன். “உங்கம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அதைப் பாக்குறது நான்தானே?” என்று கேட்டார். அவர் எல்லை மீறினார் என்றே இன்றும் கருதுகிறேன். அண்ணன் அடுத்த வாரமே வந்தான் என்பதையும் மறைக்க மாட்டேன்.

இடம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதியோர் பராமரிப்பு நிலையங்கள் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெறுபவை; தாதிமை இல்லங்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் பெறுபவை. குழாய், புண், இன்சுலின் ஊசி என்று இருக்கும் நோயாளியை வைக்கும்போது எந்த உரிமம் சுவரில் தொங்குகிறது என்று பாருங்கள். தாதியரின் அந்த ஆண்டுப் பணிச் சான்றிதழையும் கேளுங்கள். இந்த இல்லத்தில் கேட்காமலே காட்டினார்கள்.

அம்மா சென்ற மார்ச்சில், அதிகாலையில், அங்கேயே இறந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெரிய மிஸ்ஸி தாமே குளிப்பாட்டி, தலைவாரி, வாய் திறக்காதபடி தாடைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்திருந்தார். மீதி நாள்களின் கட்டணமும் பிரிக்காத நாப்கின் பொட்டலங்களும் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தன. காற்று மெத்தையை நான் திரும்பக் கேட்கவில்லை.

அவருக்கு இப்போது 70ஐத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. அவருக்குப் பிறகு இந்த வீடு இப்படியே இருக்குமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். சென்ற மாதம் என் நண்பரின் தந்தையைச் சேர்க்க உடன் போனேன். அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையுறை போட்டுக்கொண்டு வந்தவர் மருமகள். பெரியவரின் காலுறையைக் கழற்றி, குதிகாலை விரலால் அழுத்தி எடுத்து, தோல் வெளுக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.