பழைய டர்போ லாரிக்கு இன்லைன் பம்பா, ரோட்டரி பம்பா?

மணலி, மாதவரம் பக்கம் பழைய டர்போ வண்டி பார்க்கிறவர்கள் டயரையும் சேசிஸையும் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் என்ன ரகம் என்று கேட்பவர் குறைவு. ஹார்பர் லோடுக்கு வண்டி தேடியபோது, ரோட்டரி பம்ப் வண்டியை விட்டுவிட்டு இன்லைன் பம்ப் போட்ட ஆறு சிலிண்டர் வண்டியைத்தான் எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

டியூனிங் மட்டும் என்றால் ரோட்டரிதான் சுலபம். அதில் ஒரே பிளஞ்சர், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு, எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கு போடுகிறது. பின்பக்கம் டீசலின் உச்ச அளவை வைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் உள்ளே திருகினால் இழுவை கூடும். மேல்மூடியைக் கழற்றினால் டயாஃப்ரம், டர்போ காற்று அழுத்தும் சவ்வு. அதன் கீழே பல்வைத்த சின்னச் சக்கரம். அதைத் திருப்பி ஸ்பிரிங் இறுக்கத்தைக் குறைத்தால், டர்போ காற்று லேசாக வந்ததுமே டீசல் கூடும். பம்பை இறக்கவே வேண்டாம். ஆனால் ஸ்க்ரூவை அதிகம் திருகினால் ஐடில் எகிறும், கரும்புகை கக்கும், லோடில் இன்ஜின் சூடேறும்.

இன்லைனில் சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட், அதாவது தனித்தனி பிளஞ்சர். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றாமல் அளவில் கை வைக்கக் கூடாது. பெஞ்ச் சுற்றும்போது ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஏறும். ஒன்றில் மட்டம் தாழ்ந்தால் அந்த எலிமென்டின் ஸ்லீவை நூலளவு நகர்த்தி மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள், ஆறும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை. செலவும் உண்டு, வண்டியும் நிற்கும்.

அப்புறம் எதற்கு இன்லைன்? தண்ணீருக்குப் பயந்துதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: டேங்க் பாதி காலி, ராத்திரி முழுக்கக் கடல்காற்று. டேங்குக்குள் ஈரம் வியர்த்துக் கீழே இறங்கும். மழைக்காலத்தில் மணலி புதுநகர்ப் பக்கம் வெள்ளம் நின்றால் இன்னும் மோசம். ரோட்டரி பம்புக்குள் சுழலும் தகடுகள் (வேன்), ரோலர், கேம் பிளேட் எல்லாவற்றுக்கும் டீசலே மசகு. அதில் தண்ணீர் கலந்தால் துரு, உரசல், கடைசியில் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். இருப்பது ஒரே பிளஞ்சர் என்பதால் வண்டி அங்கேயே படுத்துவிடும். இன்லைனிலும் எலிமென்டை டீசல்தான் நனைக்கிறது, அதற்கும் கேடு உண்டு. ஆனால் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் ஆயிலில் ஓடுகின்றன. ஒரு எலிமென்ட் தேய்ந்தாலும் மற்ற ஐந்து இழுக்கும். இன்ஜின் உதறினாலும் வண்டி ஷெட் வந்து சேரும். பாரம் ஏற்றிப் பிழைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜீப், வேன் மாதிரி சின்ன வண்டிகளை நான் அதிகம் ஓட்டியதில்லை. அவற்றில் ரோட்டரியின் எடைக் குறைவும் வேகமும் பெரிய லாபமாக இருக்கலாம். நான் சொல்வது பாரவண்டிக் கணக்கு.

ரோட்டரி வண்டிதான் கைவசம் என்றால், ஸ்க்ரூவைத் தொடும் முன் வாட்டர் செபரேட்டரைத் திறந்து அடித்தண்ணீரை வடித்துவிடுங்கள். டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்திருந்தால் டர்போ காற்று வந்தும் டீசல் கூடாது. வண்டி நிறுத்தும் இரவுகளில் டேங்கை நிரப்பியே வையுங்கள்.