15, 25, 40 மி.மீ.: மூன்று உயரத்தில் செயற்கைப் புல், ஒரு பராமரிப்பாளனின் மதிப்புரை

அலுவலகங்களும் கடைகளும் கலந்த ஒரு வளாகத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. இங்கே மூன்று இடங்களில் மூன்று உயரத்தில் செயற்கைப் புல் விரித்திருக்கிறோம். வாசல் நடைபாதையில் 15 மி.மீ., சாப்பாட்டு மேஜைகள் போட்ட மாடியில் 25, முகப்பில் பெயர்ப்பலகையைச் சுற்றி 40. மூன்றையும் ஒரே சப்ளையர்தான் கொடுத்தார், நிறமும் ஒன்றுதான். உயரம் மாறினால் என்னென்ன மாறுகிறது என்று பார்க்க இதைவிட வசதி கிடைக்காது.

முதலில் 40. இது வடிவமைப்பாளரின் தேர்வு. ஷோரூமில் கையை வைத்துத் தடவிப் பார்த்தவர்கள் எல்லாரும் மயங்கியது இதில்தான். போட்டோவில் நிஜப் புல்லேதான். யாரும் கால் வைக்காத பெயர்ப்பலகை ஓரத்தில் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஆனால் அதன் ஒரு மூலை, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்குக் குறுக்கு வழி. டெலிவரி பையன்களுக்கு அவசரம், மற்றவர்களுக்குச் சோம்பல். அந்த மூலை மட்டும் பாதை விழுந்து பளபளவென்று படுத்துவிட்டது. கெட்டித் துடைப்பத்தால் எதிர்த்திசையில் வாரினால் எழுந்து நிற்கும். மாலைக்குள் மறுபடி படுத்துக்கொள்ளும்.

காரணம் எளிது. மேலே தெரிகிற பச்சை இழை பாலிஎத்திலீன். தொட மெத்தென்று இருக்கும். மடங்கினால் தானாக நிமிரும் தெம்பு குறைவு. இழை நீள நீள அதை மடக்க வேண்டிய பலமும் குறைகிறது. அடியில் சுருண்டு கிடக்கும் பழுப்பு இழை ஓரளவு முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 40 மி.மீ. போட்டால் உலர்ந்த சிலிக்கா மணலும் தூவியாக வேண்டும். சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்குக் குறைந்தால் பிரயோஜனமில்லை. மொட்டைமாடிக்கு என்றால் அந்தப் பாரத்தையும், மணல் போய் அடைக்கப்போகும் தண்ணீர்க் குழாயையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

விற்பனையாளர் உயரத்தைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது அடர்த்தியை. தையல் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, 10 செ.மீ.க்கு எத்தனை தையல், சதுர மீட்டருக்கு இழை மட்டும் எத்தனை கிராம் என்று மூன்று கேள்வி. தோட்டத்துக்கு விற்கும் புல்லில் வரிசை இடைவெளி பெரும்பாலும் முக்கால் இன்ச்சில் பாதி, அதாவது 9.5 மி.மீ. அதில் 10 செ.மீ.க்கு 16 தையல் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 16,800 குஞ்சம், அதாவது தையலுக்கு ஒரு கொத்து இழை. அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் கூட்டுவது, வழுக்கையை மறைக்க ஒரு பக்க முடியை நீளமாக வளர்த்து வாரிவிடுகிற வேலை. சாம்பிளைப் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள். அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் 40 ஆனாலும் வேண்டாம். இன்னொன்று, உயரம் என்பது அடித்துணிக்கு மேலே உள்ள இழை மட்டும். சிலர் அடிப்பாகத்தையும் சேர்த்து அளந்து சொல்வார்கள். ஸ்கேலை நீங்களே வைத்துப் பாருங்கள்.

"ஃபுட்பால் கிரவுண்டில் 60 மி.மீ. போடுகிறார்களே" என்று எங்களிடமும் ஒருவர் பேசினார். போடுகிறார்கள்தான். அங்கே இழைக்கு நடுவே மணலும் ரப்பர் குருணையும் கொட்டி நிரப்பி, நுனி மட்டும்தான் வெளியே தெரியும். இழையை நிறுத்திவைப்பது அந்த நிரப்புதான். தண்ணீர் தெளித்து ஆடுகிற ஹாக்கி மைதானத்தில் நிரப்பே கிடையாது. அங்கே புல் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பது அதனால்தான். நாலு பேர் நடக்கிற இடத்துக்கு ஹாக்கிக்காரர்கள் கணக்குதான் சரி.

மாடியில் 25. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். நாற்காலியை இழுத்தால் கால் சிக்குவதில்லை, மேஜை ஆடுவதில்லை. சோற்றுப் பருக்கையும் பிஸ்கட் தூளும் வாக்குவம் கிளீனருக்கு வந்துவிடுகின்றன. 40-ல் விழுந்திருந்தால் அடியில் போய் உட்கார்ந்து எறும்பைக் கூப்பிட்டிருக்கும். நாற்காலிக் காலுக்கு அகலமான ரப்பர் மூடி போடுவது மட்டும் கட்டாயம். சிகரெட் நெருப்பு பட்ட இடம் உருகிக் கறுத்துவிடுகிறது. அதற்கு எந்த உயரத்திலும் மருந்தில்லை, துண்டை வெட்டி ஒட்டத்தான் வேண்டும்.

வாசலில் 15. முதல் பார்வைக்குப் பச்சைக் கம்பளம் மாதிரிதான் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. அடித்தளத்தில் ஒரு சின்ன மேடு பள்ளம் இருந்தாலும், இரண்டு ரோல் சேரும் ஒட்டு சற்றே பிசகினாலும் குட்டைப் புல் மறைக்காது. ஆகவே தளம் போடுகிற ஆளுக்கும் ஒட்டுகிற ஆளுக்கும் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். உழைப்பில் இது ராஜா. டிராலி, சூட்கேஸ், ஹை ஹீல்ஸ் எல்லாம் தினமும் ஏறி இறங்கியும் பாதை விழவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் வழியில் இன்னும் குட்டையாகப் போவது நல்லது. அமெரிக்காவின் 2010 அணுகல் விதிகளில் தரைக் கம்பளத்துக்கே உச்ச உயரம் 13 மி.மீ. சாய்தளத்துக்கு அடுத்த முறை நான் 12 கேட்கப்போகிறேன்.

வெயிலில் மூன்றும் ஒன்றுதான், உச்சி வேளையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. முகப்பில் கண்ணாடிச் சுவர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடியிலிருந்து வெயில் குவிந்து விழுந்தால் இழை உருகிச் சுருண்டுவிடும்.

குறுக்கு வழி மூலையில் இப்போது புல்லை வெட்டி எடுத்துவிட்டு நடைக்கல் பதிக்கச் சொல்லியிருக்கிறேன். மாற்றித் தருவார்களா என்று வாரண்டி தாளை எடுத்துப் படித்தேன். நிறம் மங்கினால் என்ன, தையல் பிரிந்தால் என்ன என்று பத்தி பத்தியாக இருக்கிறது. புல் படுத்துவிட்டால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை.