தமிழ்த் தளத்துக்கு எழுத்துரு: போனில் இருப்பதே போதுமா, நாமே அனுப்ப வேண்டுமா?

வலைத்தளம் வடிவமைக்க உட்கார்ந்ததும் பலர் நிறத்தையும் படத்தையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். தமிழில் படிக்க வேண்டிய தளம் என்றால் அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது எழுத்துரு. வாசகரின் போனிலோ கணினியிலோ ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருவை நம்பலாம். அல்லது பக்கத்தோடு சேர்த்து நாமே ஓர் எழுத்துருவை அனுப்பலாம். இதைத்தான் வெப் ஃபான்ட் என்கிறோம்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் முதல் வழியை நம்பித் தளம் செய்ய முடியாது. தளத்துக்குத் தளம் எழுத்துக் குறியீடே வேறு: டிஸ்கி, டாப், அதுபோக அவரவர் சொந்தக் குறியீடு. உரிய எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள்தான். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் பரவிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு இருக்கிறது, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். மூன்றிலும் கண் வலிக்காமல் படிக்கலாம். தனியாக எதுவும் இறங்க வேண்டியதில்லை என்பதால் பக்கம் வந்த கணமே எழுத்தும் வந்துவிடும்.

குறை என்னவென்றால், மூன்றின் அகலமும் ஒன்றல்ல. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. கணினியில் ஒரே வரியில் அடங்கிய பொத்தான் போனில் இரண்டு வரியாக உடையும். தளத்துக்கென்று ஒரு முகமும் இருக்காது.

வெப் ஃபான்ட் அந்த முகத்தைத் தருகிறது. இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. கட்டமரான் எழுத்துருவில் 9 தடிமன்கள், முக்த மலரில் 7. தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இந்தி எழுதும் தேவநாகரியில் குவிவதுபோல இதில் கூட்டெழுத்துகள் குவியாததால் எழுத்துரு கோப்பு பொதுவாகப் பெரிதாகாது. ஆனாலும் அது தனியாகத்தான் இறங்க வேண்டும். அதுவரை பல உலாவிகள் சுமார் 3 விநாடி வரை எழுத்தைக் காட்டாமல் வெற்றிடமாக வைத்திருக்கும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-டிஸ்ப்ளே என்ற இடத்தில் ஸ்வாப் என்று கொடுத்தால் முதலில் போனின் எழுத்து தெரியும், அப்புறம் மாறும். மாறும்போது வரிகள் குதிக்கும்.

‘கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து எடுத்தால் வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்குமே’ என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2020இல் வந்த குரோம் 86 முதல் உலாவி இறக்கிச் சேமித்துவைக்கும் கோப்புகள் தளத்துக்குத் தளம் தனித்தனி. கோப்பை நம் சர்வரிலேயே வைப்பதுதான் மேல்.

தடிமன் விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு நூலகத்தின் தளத்துக்கு ஒரே தடிமன் உள்ள எழுத்துருவை எடுத்து, தலைப்புகளை போல்டாக்கினேன். இல்லாத தடிமனை உலாவி தானாகவே பூசியது. ‘ணு’வும் ‘று’வும் சுழி அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிட்டன. அங்கே வருபவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பக்கத்தைக் கொடுத்தது இப்போதும் உறுத்துகிறது.

சரி, எதை எடுப்பது? செய்தி, கட்டுரை, கடை விவரம் என்று படிக்க வருகிற தளங்களில் பத்திகளின் எழுத்துக்குப் போனில் இருப்பதே போதும் என்பது என் முடிவு. சிக்னல் இரண்டு கோடு காட்டும் ஊரிலிருந்து படிப்பவருக்கு அழகைவிட எழுத்து உடனே தெரிவது முக்கியம். தலைப்புக்கு மட்டும் ஒரு வெப் ஃபான்ட், ஒரே ஒரு தடிமன், அதுவும் உண்மையிலேயே போல்டாக வரையப்பட்டது. குழந்தைகளுக்கு அரிச்சுவடி கற்றுத்தரும் தளம் மட்டும் விலக்கு. அங்கே எழுத்தின் வடிவம்தான் பாடம், ஆகவே முழுவதையும் நாமே அனுப்ப வேண்டும்.

எதை எடுத்தாலும் வரி உயரத்தை 1.6க்குக் குறைக்காதீர்கள், மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கூ’வின் வளைவும் மோதும். ஆங்கிலத் தளத்தின் சிஎஸ்எஸ்ஸை அப்படியே எடுத்தால் எழுத்து இடைவெளியைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆங்கில எழுத்துக்குத் தனி எழுத்துரு வேண்டுமென்றால், சிஎஸ்எஸ்ஸின் எழுத்துருப் பட்டியலில் அதன் பெயர் முதலில், தமிழ் எழுத்துருவின் பெயர் அடுத்து. கடைசியாக, ‘நூறு கூண்டு, ஸ்ரீ, க்ஷ, கௌ’ என்று ஒரு வரி அடித்து, வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில் திறந்து பாருங்கள்.