பொம்மை வாத்து வாங்கும்போது முதலில் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்

நுரை அடைத்த மல்லார்டு பொம்மை வாத்துகள், பெட்டிக்கு 12, அதில் ஆறு ஆண், ஆறு பெண். மல்லார்டு என்பது ஒரு காட்டு வாத்து இனம். இந்தப் பொம்மைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், மேலே பறக்கிற வாத்துகள் நிஜக் கூட்டம் என்று நம்பி இறங்கி வரும். சில பருவங்களாக இவற்றை வைத்துத்தான் வேட்டைக்குப் போகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். விளம்பரத்தில் இறகின் நுணுக்கத்தையும் ஆண் வாத்தின் பச்சைத் தலையையும் பெரிதாக்கிக் காட்டுவார்கள், நாமும் அதைப் பார்த்து மயங்கிவிடுவோம். தலைக்கு மேலே 50, 60 மீட்டர் உயரத்தில் வட்டமடிக்கிற வாத்துக்கு அந்த இறகெல்லாம் பொருட்டே இல்லை. கீழே இருக்கிற உருவம் தண்ணீரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உயிருள்ளது அசைகிற மாதிரி அசைகிறதா, இதைத்தான் அது பார்க்கிறது. அதைத் தீர்மானிக்கிற கீல் (அடிப்பட்டை), எடை, கயிறு மூன்றும் பொம்மையின் வயிற்றுப் பக்கம் இருக்கின்றன. கடையில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வார்ப்பில், கிட்டத்தட்ட இதே எடையில் பல பேர் விற்கிறார்கள், நான் சொல்லப்போகிற நிறைகுறைகள் அனேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். அப்புறம், உரிமம் எடுத்து, குறிப்பிட்ட பருவத்தில் நீர்ப்பறவை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிற நாடுகளில் இருப்பவர்களுக்கான குறிப்பு இது. இந்தியாவில் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு வாத்து வேட்டை குற்றம்.

வயிற்றுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற பட்டைக்குத்தான் கீல் என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உள்ளே மணலோ வேறு கனமான பொருளோ அடைத்து மூடியது, இன்னொன்று உள்ளே வெற்றிடமாக இருந்து, தண்ணீரில் போட்டதும் ஓட்டை வழியாகத் தண்ணீர் நிறைந்து எடை கூடுவது. என்னிடம் இருப்பது முதல் வகை. விடிவதற்கு முன்னால், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எறிகிறோம், எப்படி விழுந்தாலும் அதுவே புரண்டு நிமிர்ந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் மார்பளவு இறங்கி ஒவ்வொன்றையும் கையால் நிமிர்த்திவிட்டு வர வேண்டியிருக்கும். அந்த வகையில் இந்தப் பெட்டிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். தலைகீழாக விழுந்தாலும் உடனே நிமிர்ந்துவிடுகிறது, காற்று பலமாக அடித்து அலை எழும்பினாலும் கவிழ்வதில்லை. இதற்கு விலையாகத் தோள் வலிக்கும். நுரையும் மணலும் சேர்ந்து 12 வாத்துகளைச் சேற்றில் நெடுந்தூரம் சுமப்பது லேசான வேலை இல்லை. வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து வெகுதூரம் நடந்து போகிறவர்கள் தண்ணீர் நிறைகிற கீல் உள்ளதையே வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணிக்கையையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குட்டைக்கு ஆறு பொம்மை போதும்.

நுரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. தாழ்ந்து வந்த பறவையைச் சுடும்போது சில குண்டுகள் பொம்மையிலும் படத்தான் செய்யும். உள்ளே வெற்றிடமாக இருக்கிற பொம்மைக்கு ஒரு ஊசி ஓட்டை விழுந்தால் போதும், மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, வால் முழுகி மிதக்கும். தூரத்திலிருந்து அதைப் பார்க்கிற வாத்துக்கு அது அடிபட்ட வாத்தாகத்தான் தெரியும். நுரை அடைத்ததில் இந்தத் தொல்லை இல்லை.

குறை என்று சொன்னால், நுரையை ஒரே சீராக அடைக்கவில்லை. பெட்டியில் இரண்டு பெண் வாத்துகள் வாங்கிய நாளிலிருந்தே இடப்பக்கம் சாய்ந்து மிதந்தன. துருப்பிடிக்காத இரும்பு வாஷர் ஒன்றைக் கீலின் வலப்பக்கம் எபாக்ஸிப் பசை வைத்து ஒட்டினேன், சரியாகிவிட்டது. வாங்கியதும் ஒரு தொட்டியிலோ அகலமான அண்டாவிலோ ஒவ்வொன்றாக மிதக்கவிட்டுப் பாருங்கள். மார்பு கொஞ்சம் தாழ்ந்து, வால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும், இறக்கை ஓரம் இரண்டு பக்கமும் தண்ணீரிலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மேலே தொட்டுப் பார்த்தால் தளும்பி, இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிட வேண்டும். அப்படி இல்லாததைத் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கயிறும் எடையும் பெட்டியில் வருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். இதை அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கலாம், பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் டெக்சஸ் ரிக் எனப்படும் முறையில் கட்டியிருக்கிறேன். தடித்த நைலான் இழை, ஒரு முனையில் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் எடை, மறு முனையில் ஒரு வளையம். இழை கீலின் துளை வழியாகச் சறுக்கி ஓடும். திரும்பும்போது எல்லா வளையங்களையும் ஒரே கொக்கியில் மாட்டித் தூக்கினால், பொம்மைகள் சறுக்கிக் கீழே எடை வரைக்கும் போய்விடும், சிக்கலே விழாது. விறைத்த விரலோடு முடிச்சு அவிழ்த்துப் பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் இது ஆழமில்லாத சதுப்புக்கு ஏற்ற கட்டு. ஆழமான ஏரியிலோ ஓடுகிற தண்ணீரிலோ இழை போதாமல் எடை தரையைத் தொடாது, பொம்மை போன திசையில் போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கயிறு விட்டு, இன்னும் கனமான எடையைக் கட்டிக் கீலில் சுற்றி வைக்கிற பழைய முறைதான் சரி.

இனி அசைவு. காற்று இருக்கிற நாளில் பொம்மையே பார்த்துக்கொள்ளும். காற்று செத்துப்போன காலையில் என்ன ஆகிறது என்பதை ஒருமுறை மறைவிடத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், அதில் 12 வாத்துகள் ஒரே திசையைப் பார்த்து உறைந்து நிற்கும், நிழல்கூட அசையாது. ஒரு கிளுவை வாத்து ஜோடி மேலே வரும், கழுத்தைத் திருப்பும், இறக்கையடிப்பைக்கூட மாற்றாமல் அப்படியே போய்விடும். இதற்கு மின்கலம் போட்டுச் சுழல்கிற இறக்கை பொம்மை வாங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. பருவத்தின் தொடக்கத்தில் பலன் தருகிறது, அனுபவப்பட்ட பறவைகள் பின்னால் அதைக் கண்டாலே விலகுகின்றன, தவிர எல்லா இடத்திலும் அதற்கு அனுமதியும் இல்லை, கலிபோர்னியாவில் பருவம் தொடங்கியதிலிருந்து நவம்பர் 30 வரை தடை. அதைவிட இழுகயிறு நூறு பங்கு மேல். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கொஞ்சம் ரப்பர் கயிறு சேர்த்து, அதில் மூன்று நான்கு பொம்மைகளைக் கட்டி, மறு முனையைக் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழுப்பு இழுத்து விட்டால் அந்த நான்கும் முன்னும் பின்னும் போய் வந்து, அலை வளையம் வளையமாகப் பரவி மற்ற பொம்மைகளையும் ஆட்டிவிடும். பறவை வாலைக் காட்டிப் போகும்போது இழுங்கள், நேராகத் தலைக்கு மேலே இருக்கும்போது கையை நிறுத்திவிடுங்கள். கனமான கீல் உள்ள இந்தப் பொம்மைகள் இழுப்புக்குக் குப்புற விழாமல் நீந்துகிற தோரணையில் வருகின்றன, இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அமெரிக்காவின் நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924-ல் தோண்டியபோது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பொம்மை வாத்துகள் கிடைத்தன. கோரையைக் கட்டாக மடித்து உடல் செய்து, சாயம் பூசி, சிலவற்றில் நிஜ இறகையும் செருகியிருக்கிறார்கள் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். படத்தில் பார்த்தாலே தெரியும், நுணுக்கத்துக்கு முன்னால் உருவத்தையும் மிதப்பையும் யோசித்திருக்கிறார்கள்.

தோரணையிலும் இந்தப் பெட்டி பரவாயில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓய்வெடுப்பவை, மேய்பவை, தலை நிமிர்ந்தவை எனக் கலந்து வருகின்றன. நிமிர்ந்த தலைகள் அதிகமாக இருந்தால் கூட்டம் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், அதனால் நிமிர்ந்தவற்றில் ஒன்றிரண்டை மட்டும் ஓரத்தில் வைக்கிறேன். நெருக்கி வைக்காதீர்கள். வாத்துகள் பறக்கக் கிளம்பும் முன்புதான் ஒன்றோடொன்று நெருங்கும். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் நிம்மதியாக மேய்கிற கூட்டமாகத் தெரியும். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஆகவே காற்று உங்கள் முதுகில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்து, பொம்மைகளுக்கு நடுவே இறங்குவதற்கு ஒரு வெற்றிடம் விட்டுவிடுங்கள். காற்று பக்கவாட்டில் அடித்தால் இன்னும் நல்லது, இறங்கும் பறவையின் கண் நேராக உங்கள் மேல் விழாது. பருவம் முடியும் சமயத்தில், ஏற்கெனவே ஊரெல்லாம் பொம்மைகளைப் பார்த்துச் சலித்த பறவைகளுக்கு, இரண்டு இரண்டாக நான்கு ஜோடி வைத்தாலே போதும்.

ஒரு பொம்மையைத் தூர அளவுகோலாக வையுங்கள். மறைவிடத்திலிருந்து 35 மீட்டரை அளந்து, கடைசிப் பொம்மையை அங்கே போடுங்கள், அதைத் தாண்டி இருக்கிற பறவையை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கவே தூக்காதீர்கள். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை, ஐரோப்பிய ஒன்றியத்தில் சதுப்பு நிலங்களில் 2023 முதல் தடை. சேற்றில் விழுந்த ஈயத்தைக் கல்லென்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் சாவதுதான் காரணம், நியாயமான தடை. இப்போது நம் கையில் இருப்பது பெரும்பாலும் எஃகுக் குண்டு. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கு 7.8 தான், அதனால் வேகம் சீக்கிரம் தளர்ந்துவிடும். தூரத்தில் சுட்டால் பறவை விழாது, காயத்தோடு போய் நாணலுக்குள் எங்கோ கிடந்து சாகும். அதைத் தடுக்க ஒரு பொம்மையைச் சரியான இடத்தில் போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இருட்டில் எல்லாத் தூரமும் ஒன்றாகத் தெரியும், வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால்தான் புரியும்.

வண்ணத்துக்கு வருவோம். மேட் பூச்சு, வெயிலில் பளபளப்பதில்லை, நல்ல விஷயம். ஆனால் அலகு நுனியிலும் வால் ஓரத்திலும் முதல் பருவத்திலேயே உரிய ஆரம்பித்துவிட்டது. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் எந்தப் பெயிண்டும் சுலபமாகப் பிடிக்காது, அதன் குணம் அப்படி. சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, பளபளப்பில்லாத அக்ரிலிக் பூசினால் நன்றாக நிற்கிறது. உரிந்த அலகைவிடப் பெரிய தொல்லை உறைபனி. விடிகாலையில் பொம்மை முதுகில் வெள்ளையாகப் பனி படிந்து முதல் வெளிச்சத்தில் மின்னும், நிஜ வாத்து முதுகில் அப்படி மின்னாது. தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போய்விடும், கடுங்குளிரில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், சலிக்காமல் செய்யுங்கள்.

திரும்பி வந்ததும் அப்படியே பையில் வைத்து மூடிவிடாதீர்கள். கயிற்றில் நீர்ப்பாசித் துணுக்கு, கீல் துளையில் சேறு, இவை அடுத்த நீர்நிலைக்கு அந்நியக் களைகளையும் சிப்பிப் புழுக்களையும் கொண்டுபோகும். தண்ணீர் நிறைகிற கீல் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவிழ்த்து முழுக்க வடித்துவிட வேண்டும், அதற்குள் எவ்வளவு தண்ணீர் தங்குகிறது என்று ஒருமுறை கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்துத்தான் நான் எடுத்து வைக்கிறேன்.

பை பற்றியும் ஒரு வார்த்தை. வலைப்பை மலிவு, ஆனால் உள்ளே ஒன்றோடொன்று உரசிப் பெயிண்ட் போகும். ஒவ்வொரு வாத்துக்கும் தனி அறை உள்ள பை வாங்கினால் பொம்மையின் ஆயுள் கூடும். அடியில் தண்ணீர் வடிய வலை இருக்கிறதா, தோள்பட்டை அகலமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கயிறும் எடையும் வாங்கும்போது நான்கைந்து சேர்த்தே வாங்கி வையுங்கள், மூழ்கிய மரக்கிளையில் மாட்டி ஒன்றிரண்டு போகாமல் இருக்காது.